வாணலியில் ஒரு கிலோ மணல்

இடது கை வாணலியின் காதைத் துணியோடு பிடித்திருக்கிறது. வலது கை கரண்டியால் மணலைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. ஆவி அடங்குகிறது. கண்ணாடித் துண்டு ஒன்றை மேலே காட்டி, அதில் ஆவி படியவில்லை என்று பார்த்த பிறகுதான் அடுப்பு அணைகிறது. ஆறவிட்டுத் தராசில் வைத்தால் தொள்ளாயிரத்து ஐம்பது கிராம். வறுப்பதற்கு முன் அது ஒரு கிலோ. அந்த ஐம்பது கிராம் தண்ணீரை அவள் நோட்டில் எழுதிக்கொள்கிறாள்.

மணல் விற்கும் யார்டிலிருந்து லாரி கிளம்பும்போதெல்லாம் இது நடக்கும். டிரைவர்கள் அவளை 'வறுவல் அக்கா' என்பார்கள். "உப்பு காரம் போட்டாச்சா அக்கா?" என்று எட்டிப் பார்ப்பார்கள். "நீ சாப்பிடறதா இருந்தா போடறேன்" என்பாள்.

வேலை இதுதான். கட்டடக்காரர்கள் மணலைக் கன மீட்டரில் கேட்பார்கள், ஏனென்றால் மேஸ்திரி பெட்டியால் அளந்து கலக்குகிறார். யார்டு எடைமேடையில் நிறுத்து டன்னில் கொடுக்கும். நடுவில் உட்கார்ந்து ஒன்றை மற்றொன்றாக மாற்றி, லாரியோடு போகும் சீட்டில் எழுதுவது அவள். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் மணலுக்கு ஒரே ஒரு எண் போட்டிருந்தது. முதல் மாதமே அதன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதற்கு முன் அவள் ஒன்பது வருடம் ரொட்டிக் கடையில் மாவு நிறுத்தவள். சலித்த மாவு டப்பா நிறைய இருக்கும், தராசில் இருக்காது. டப்பாவை இரண்டு தட்டு தட்டினால் மாவு இறங்கிவிடும், எடை அப்படியே நிற்கும். மணல் மட்டும் எப்படி ஒரே எண்ணுக்கு அடங்கும்? காய்ந்தது, ஈரமானது, நனைந்தது என்று டின் டின்னாக நிறுத்துத் தனக்கென்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. போட்டாள்.

அன்று காலை போன லாரி மத்தியானம் மணலோடு திரும்பி வந்தது. முன் சீட்டிலிருந்து இறங்கியவர் கட்டட சூப்பர்வைசர். மறுபக்கம் இறங்கிய டிரைவர் அவளுடைய தங்கையின் கணவர். சட்டை நனைந்திருந்தது, முகம் அதைவிட.

"சீட்டுல பதினொன்றரை கன மீட்டர்னு எழுதியிருக்கீங்க. லாரிப் பெட்டில கோடு வரைக்கும் மணல் இருக்கணும்" என்றார் சூப்பர்வைசர். "நாலு விரல் கீழ கிடக்கு. வழில எங்க கொட்டினாருன்னு கேட்டா, மழைங்கறாரு. மழை பெஞ்சா ஏறுமா இறங்குமா?"

"அக்கா, மழைக்கு ஒதுங்கி ரெண்டு மணி நேரம் நின்னேன். ஒரு கைப்பிடி எடுக்கல" என்றார் டிரைவர்.

"இன்னிக்கு இது தெளியலன்னா இவர் வண்டி எங்க சைட்டுக்குள்ள வராது. யார்டுக்கும் எழுதிக் கொடுத்துருவேன்."

எழுதிக் கொடுத்தால் வேலை போய்விடும். மணல் திருடியவன் என்ற பேரோடு வேறு எந்த யார்டிலும் வண்டி கொடுக்க மாட்டார்கள்.

லாரி எடைமேடையில் ஏறியது. காலையில் மணல் மட்டும் பதினாறு டன். இப்போது பதினாறே கால் டன்னுக்கும் மேலே, பதினாறாயிரத்து நானூறு கிலோ.

"கூடத்தான் இருக்கு! பாத்தீங்களா?" டிரைவர் துள்ளினார்.

"மணல எடுத்துட்டு மழைத்தண்ணிய நிரப்பிக்கிட்டாலும் கூடத்தான் காட்டும்" என்றார் சூப்பர்வைசர்.

அவர் சொன்னது சரி. அவளுக்கும் அதே கேள்விதான் ஓடியது.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதாதா?"

"என் வார்த்தைய யார் நம்புவா மாப்ள? நான் உங்க வீட்டு ஆளு." சூப்பர்வைசரிடம் திரும்பினாள். "சார், நீங்களே ஏறுங்க. மேல, நடுவுல, அடியிலன்னு அஞ்சு இடத்துல தோண்டி எடுங்க. நீங்களே கலந்து, நீங்களே வறுங்க. நான் தொட மாட்டேன்."

சூப்பர்வைசர் பேன்ட்டை மடித்துக்கொண்டு ஏறினார். கலந்த மணலில் ஒரு கிலோ நிறுத்து அடுப்பில் வைத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அவளுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் புரட்டுவது மெதுவாக இருந்தது, ஓரத்தில் ஒட்டியது. "அடியோட புரட்டுங்க" என்று மட்டும் சொன்னாள். எண் குறைவாக வந்துவிட்டால்? தங்கை முகம் வந்து போனது. மாப்பிள்ளை கை சுத்தம் என்று அவளுக்கு உள்ளூரத் தெரியுமா, அல்லது அப்படி இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறாளா? எப்படி வந்தாலும் நோட்டில் எழுதத்தான் போகிறாள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

கண்ணாடியில் ஆவி படியவில்லை. தராசு தொள்ளாயிரத்து இருபத்தைந்து கிராம் காட்டியது.

"கணக்கையும் நீங்களே போடுங்க சார்."

காலை: நோட்டில் இருந்தபடி கிலோவுக்கு ஐம்பது கிராம் தண்ணீர் போக, பதினாறு டன்னில் காய்ந்த மணல் பதினைந்தாயிரத்து இருநூறு கிலோ. இப்போது: பதினைந்தாயிரத்து நூற்றெழுபது.

"முப்பது கிலோ குறையுதே" என்றார் சூப்பர்வைசர். குரலில் பழைய சூடு இல்லை.

"வாணலில ஒரு கிராம் முன்னப்பின்ன ஆனா லாரில பதினாறு கிலோ. ஓரத்துல ஒட்டினதே ரெண்டு கிராம் இருக்கும். நாலு விரல் மணல் போயிருந்தா ஒரு டன்னுக்கு மேல குறையணும்."

"அப்ப அந்த நாலு விரல்?"

"ஏத்தும்போது லேசான ஈரம், மணல் ஒட்டி நடுவுல காத்து நின்னு பொசபொசன்னு இருந்தது. குண்டும் குழியுமா ரோடு, மேல மழை. குலுங்கி இறுகிருச்சு." நோட்டை அவர் பக்கம் திருப்பிச் சொன்னாள்: "தப்பு என் மேலயும் இருக்கு. நீங்க கன மீட்டர்ல கேட்கறீங்கன்னு சீட்டுல அத மட்டும்தான் எழுதுவேன். எடையும் ஈரமும் என் நோட்டோட நின்னுருச்சு."

சூப்பர்வைசர் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். டிரைவரை நேராகப் பார்க்காமல், "வண்டிய எடுங்கண்ணே, மேஸ்திரி காத்திருப்பாரு" என்றார்.

"மன்னிப்பு கோடைக் குழாய்த் தண்ணி மாதிரி, சொட்டுச் சொட்டாத்தான் வரும்போல" என்று முணுமுணுத்துக்கொண்டே டிரைவர் படியில் கால் வைத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் அவள். பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். ஏற்றிய எடை, ஈரம், காய்ந்த எடை, ஏற்றும்போது இருந்த கன அளவு, இறக்கும்போது அது குறையலாம் என்று ஒரு வரி. எண்களை ஒருமுறை விரல் வைத்துச் சரிபார்த்தாள். மை காயும்வரை ஊதிவிட்டு, சூப்பர்வைசரிடம் நீட்டினாள்.