இரண்டு போத்தல் மண்ணெண்ணெயில் ஒரு பெயரடைவு

தொலைபேசி இணைப்பகத்தில் பதினொரு வருடம் இருந்த மார்கிரட், அது போரில் செயலிழந்த பிறகு நல்லூரில் ஒரு நிவாரண அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கே இரண்டு கொம்பியூட்டர்கள் இருந்தன. சொல்லித்தர ஆளில்லை. ஆங்கிலக் கைநூலைப் பக்கம் பக்கமாக வாசித்து, கறுப்புத் திரையில் கட்டளை தட்டப் பழகிக்கொண்டாள். மின்சாரம் நாலு வருடமாக இல்லை.

1994 ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வந்த நூற்றுநாற்பது கடிதங்கள் உரியவர் இருக்குமிடம் தெரியாமல் கிடந்தன. சனிக்கிழமைக் கப்பலுக்குள் ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால் அவை திரும்பிப் போய்விடும். இடம்பெயர்ந்தோர் பெயரடைவை ஒரு கொம்பியூட்டரில் அமைத்துவிட்டால், அடுத்த அறையில் கடிதம் பிரிக்கும் ஸ்ரெல்லா கேபிள் வழியே தேடலாம். வெள்ளி மத்தியானம் ஜெனரேற்றருக்கு இரண்டு போத்தல் மண்ணெண்ணெய்தான் மிச்சம்.

மார்கிரட் கட்டளையைத் தட்டினாள். பெயரடைவை வைத்திருக்கப்போகும் சேவர் கொம்பியூட்டரின் பெயரென்ன, கடவுச்சொல் என்ன என்று அது ஒவ்வொன்றாகக் கேட்டது. பெயர்களை எந்தத் தலைப்பின் கீழ் அடுக்குவது என்ற கேள்விக்கு மட்டும், பதிலைப் பிறகு மாற்ற முடியாது என்று எச்சரித்தது. முகாம் என்று கொடுத்தாள். ஆள் இருக்கும் இடந்தானே முகவரி! பிளொப்பித் தட்டுகளிலிருந்து பெயர்கள் ஏறி முடிய ஒரு போத்தல் தீர்ந்தது.

"அக்கா, உது முதல்லை முகாமைக் கேக்குது," என்றாள் ஸ்ரெல்லா. "முகாம் தெரிஞ்சால் நான் ஏன் உதோடை மாரடிக்கிறன்?"

"கடிதத்திலை என்ன கிடக்கு?"

"கத்தரீனா இன்னாசித்தம்பி, மயிலிட்டி. எல்லாத்திலையும் ஊர்தான்."

மார்கிரட் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். தாய் இன்றைக்கு எந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் படுக்கிறாள் என்று கனடாவிலிருக்கும் மகனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்தது ஊர்.

பொறுப்பாளர் ஹரோல்ட் எட்டிப்பார்த்தார். "விடு பிள்ளை, அடுத்த கப்பலுக்குப் பாப்பம்."

"அடுத்தது எப்ப சேர்?"

"அது கடலுக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும்."

"அப்ப இப்பவே அழிக்கிறன்."

ஊரைத் தலைப்பாக்கி முதலிலிருந்து தொடங்கினாள். எல்லாப் பெயரையும் ஏற்றினால் தேடுவதற்கு எண்ணெய் மிஞ்சாது. எந்த ஊருக்குக் கடிதம் கூடுதல் என்று கேட்டாள். மயிலிட்டிக்கு எண்பத்துமூன்று, மற்றவை சிதறல் என்றாள் ஸ்ரெல்லா. மயிலிட்டியை மட்டும் ஏற்றினாள்.

"கத்தரீனா வந்திட்டா அக்கா! உடுப்பிட்டி முகாமாம்."

"எழுதிப்போட்டு அடுத்ததைப் பார்."

எழுபத்தோராவது ஆள் கிடைத்ததோடு ஜெனரேற்றர் இருமி நின்றது. ஸ்ரெல்லா மிச்சத்தைச் சணல் கயிற்றால் கட்டப் போனாள்.

"பொறு," என்றாள் மார்கிரட். முதுகு கடுத்தது. கதிரையை யன்னலடிக்கு இழுத்து, திரும்பிப் போகப்போகும் அறுபத்தொன்பது கடிதங்களின் பெயர்களையும் ஊர்களையும் அனுப்பியவர் முகவரிகளையும் தாளில் எழுதத் தொடங்கினாள். யாராவது வந்து கேட்டால், கடிதம் வந்தது, எழுதியவர் உயிரோடிருக்கிறார் என்றாவது சொல்லலாம்.