வண்டு முதுகுக் கலப்பை

காட்டைக் குத்தகைக்கு விடப்போவதாக அக்கா சொன்னதும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. லப்பைக்குடிக்காடு பக்கத்தில் அப்பா அவளுக்கு எழுதிவைத்த கரிசல் காடு அது. மாமா குவைத்தில் இருக்கிறார். மக்காச்சோளம் போடுவது, களையெடுக்கும் பவர் வீடர் மெஷினைத் தள்ளி ஓட்டுவது எல்லாம் அவள்தான். அந்தக் காட்டை விட்டால் அவள் அவளாகவே இருக்கமாட்டாள்.

"சோளத்து வேருக்கு மண்ணு அணைக்கிறதுக்குள்ள தோளு கழண்டு போவுதுடி. கொஞ்ச தூரம் போனா கலப்பையில மண்ணு அப்பிக்கிது. நிறுத்து, சுரண்டு, மறுபடி தள்ளு. என்னால ஆவல. வெள்ளிக்கிழமை பக்கத்துக் காட்டு அண்ணன் வெத்தலை பாக்கோட வராரு" என்றாள்.

எங்கள் பக்கம் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது. பிறகு யாரும் வாயைத் திறக்க முடியாது.

நான் அரியலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் விவசாயக் கருவிகளுக்கு டிசைன் போடுகிறவள். இயற்கையிலிருந்து யோசனை எடுத்துத் தரும் மென்பொருள் ஒன்று ஆபீஸில் சும்மா கிடந்தது. திறந்து, கலப்பை என்று தட்டினேன். ஒன்றும் வரவில்லை. பொருளின் பேர் அதற்கு வேண்டாமாம், என்ன நடக்க வேண்டும் என்று சொல்ல வேண்டுமாம். சரி தாயே, ஈர மண் ஒட்டக் கூடாது என்று கேட்டேன். முதலில் தாமரை இலையைக் காட்டியது. அதை வைத்து உழுதாற்போலத்தான்! அடுத்து வந்தது சாணி வண்டு. சாணியிலேயே புரண்டாலும் அதன் மேல் ஒட்டுவதில்லை. உடம்பில் பொடிப் பொடியாக மேடுகள் இருப்பதால் சாணி நுனிகளை மட்டும்தான் தொடுகிறது, முழுதாகப் பிடித்துக்கொள்ள முடிவதில்லை. இரும்பில் அதை எப்படிச் செய்வது என்றும் கீழே படம் இருந்தது.

போனில் சொன்னேன். "அடிப்பாவி, இவ்வளவு படிச்சிட்டுச் சாணி வண்டுகிட்டயா யோசனை கேக்குற?" என்று அக்கா சிரித்தாள். அவள் சிரித்தே நாளாகியிருந்தது.

பெரம்பலூரில் எங்களுக்கு வழக்கமாக வேலை செய்து தரும் பட்டறையில் படத்தைக் கொடுத்தேன். மண்ணை இரு பக்கமும் ஒதுக்கும் கலப்பையின் இரண்டு இறக்கையிலும் வண்டு மேடுபோல வரிசையாக வெல்டிங் பொட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலையில் போனால், பச்சைப் பெயிண்ட் பளபளக்க நின்றது கலப்பை. இடது இறக்கை கண்ணாடிபோல வழவழ என்று இருந்தது.

"பொட்டெல்லாம் எங்கண்ணே?"

"வச்சனேம்மா. பிசிறு பிசிறா இருந்தா நம்ம பட்டறைக்குக் கேவலம் இல்லீங்களா? தேய்ச்சு எடுத்துட்டேன். வலது பக்கம் தேய்க்கறதுக்குள்ள கரண்டு போயிடுச்சு, அதான் அப்படியே பெயிண்ட் அடிச்சுட்டேன். கோச்சுக்காதீங்க."

வெல்டிங் வைத்தால் தேய்த்தே கொடுப்பது அவர் வழக்கம். தேய்க்காதீர்கள் என்று சொல்லத் தோன்றவில்லை எனக்கு. தலையில் அடித்துக்கொண்டேன். மறுபடி செய்ய நேரமில்லை. அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், நடந்ததை அக்காவிடம் சொன்னேன்.

முந்தின நாள் மழையில் காடு சொதசொதவென்று இருந்தது. அக்கா பவர் வீடரில் கலப்பையை மாட்டி ஒரு சால் ஓட்டினாள். நான் பின்னாலேயே நடந்தேன். வரப்பில் நிறுத்திக் கலப்பையைத் தூக்கினாள். இடது இறக்கையில் மண் கட்டியாக அப்பியிருந்தது. வலது இறக்கையில் அங்கங்கே கொஞ்சம்தான். மற்ற இடத்தில் பச்சைப் பெயிண்ட் தெரிந்தது. அக்கா அந்தப் பொட்டுகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் காட்டு அண்ணன் வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றார். தட்டை நீட்டினார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு வெற்றிலையை மட்டும் எடுத்தாள். அதைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"நீங்களே போட்டுக்குங்கண்ணே. காட்ட நானே பாத்துக்கறேன்."

பிறகு கலப்பையைக் கழற்றி என் கையில் திணித்தாள். "இந்தப் பக்கத்துக்கும் வண்டு முதுகு வச்சுக் கொண்டா. போடி, பட்டறைக்காரரு மறுபடி தேய்ச்சிடாம பக்கத்துலயே நில்லு."