நாற்காலிக்கு அடியில் யார் பெயர்

ஆர்னெட்டா கேல்ஸின் அடக்கத்தன்று சர்ச் வாசலில் ஒரு அச்சுத்தாள் கொடுத்தார்கள். பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, பிள்ளைகள் பெயர் எல்லாம் அதில் இருந்தது. கடைசியில் ஒரு வரி: "குழந்தைகளின் கல்விக்காகப் பாடுபட்டார்." அவ்வளவுதான். எழுதியவர் நல்ல மனிதர், காலேஜ் படித்தவர், யார் மனமும் நோகாமல் எழுதத் தெரிந்தவர். எனக்கு அந்த வித்தை வராது. அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

நான் எஸல் கிராண்டி. அலபாமாவில் நாலாம் வகுப்போடு பருத்திக் காட்டுக்குப் போனவன். ஆனால் டெட்ராய்ட்டின் கிழக்குப் பக்கத்தில் கல்யாணமோ சாவோ, ஜனங்கள் உட்காருவது என் நாற்காலியில்தான். மூடிப்போன ஒரு பாட்டுக் கிளப்பில் ஏலத்தில் எடுத்த மடக்கு நாற்காலிகளையும் ஓட்டை பிக்கப் வண்டியையும் வைத்து ஆரம்பித்தேன். இன்றைக்குக் கிடங்கு இரண்டு, லாரி நான்கு. எந்த பேங்க்காரன் முன்னாலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றதில்லை. ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் வெள்ளைப் பெயின்ட்டில் "எஸல்" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இந்த ஊர் மேயர்களில் எத்தனையோ பேர் என் பெயரின் மேல் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான்.

ஆர்னெட்டாவும் இருக்கைத் தொழில்தான். கார் தொழிற்சாலையில் சீட் உறை தைக்கும் வரிசையில் இளமை முழுவதையும் கழித்தவள். முழங்கால் போய் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் தெருவுக்கே போலீஸ் அவள்தான். எந்தப் பையன் பள்ளிக்குப் போகவில்லை, எந்தப் பெண் குளிரில் கோட் இல்லாமல் போகிறாள் என்று வாசல் படியில் நின்றபடி கத்துவாள். அவள் பிள்ளைகள் மூன்று பேரும் தெருமுனையில் இருந்த அரசுப் பள்ளியில் படித்தவர்கள். அந்தப் பள்ளியை ஊர் நிர்வாகம் ஒரு கோடையில் மூடிவிட்டது. பிள்ளை குறைவாம், கூரை ஒழுகுகிறதாம். அதன் பிறகு எங்கள் தெருவின் சின்னஞ்சிறுசுகள் இரண்டு பஸ் மாறி, நெடுஞ்சாலைப் பாலத்தைத் தாண்டிப் போகவேண்டி வந்தது.

"நம்ம தெருப் பிள்ளைங்க நம்ம தெருவுலயே படிக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்," என்று ஆர்னெட்டா சர்ச்சில் எழுந்து சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் வேலை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஹால்வர்சன் வந்து சேர்ந்தார். அரசாங்கப் பணத்தில் தனியார் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளை நிர்வகித்துக்கொடுக்கும் கம்பெனியின் ஆள். சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் வறுத்த கோழி வாங்கிக்கொடுத்து, திரையில் படம் காட்டினார். கம்பெனி அந்தப் பழைய கட்டடத்தை வாங்கிப் புதுப்பிக்குமாம். தலைக்கு இவ்வளவென்று அரசாங்கம் பணம் தருமாம். பெற்றோர் யாரும் ஒரு காசு கட்டவேண்டாம். பள்ளி நடத்த வடக்கே ஒரு பல்கலைக்கழகம் அனுமதி தரும், தெருக்காரர்களே பள்ளிக் குழுவில் உட்காரலாம்.

ஆர்னெட்டா எலும்பைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க சரியில்லைன்னா?"

"மிஸஸ் கேல்ஸ், பள்ளிக்கூடம் உங்களுது. நாங்க வெறும் வேலைக்காரங்க. பிடிக்கலைன்னா ஓட்டுப் போட்டு எங்களை வெளிய அனுப்பிடலாம்."

அவர் பொய் சொல்லவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆர்னெட்டாதான் குழுத் தலைவி. அவள் வீட்டுக்கு எதிர்வீட்டு டமிக்கா ரஷ்ஷும் குழுவில் இருந்தாள். மூன்று பிள்ளைகள், முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை, கூட்டத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிற பெண். பள்ளிக்குப் பெயரைப் பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்: சூரியோதய அகாடமி. திறப்பு விழாவுக்கு நாற்காலி என்னுடையது. ஆர்னெட்டாவுக்காகப் பாதி வாடகைதான் வாங்கினேன். இந்த ஊரில் வேறு யாருக்கும் அந்தச் சலுகை கிடையாது.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் வருஷக் கடைசியில் ஆண்டு விழா முடிந்து சாமான் ஏற்றும்போது என் ஆட்கள் பள்ளியின் நாற்காலிகளையும் என் நாற்காலிகளையும் கலந்துவிட்டார்கள். பிரிக்கலாமென்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். பள்ளி நாற்காலிக்கு அடியில் ஒரு தகடு. அதில் கம்பெனியின் பெயர். வகுப்புக்குள் போய் ஒரு மேஜையைக் கவிழ்த்தேன். அதிலும் அதே தகடு.

ஆர்னெட்டாவைக் கூப்பிட்டேன். "ஏய், இது யார் மேஜை?"

"பள்ளிக்கூடத்து மேஜை. கண்ணு தெரியலையா உனக்கு?"

"பள்ளிக்கூடத்து மேஜையில எதுக்குக் கம்பெனிக்காரன் பேரு?"

"எண்ணிக்கை வைக்க ஒட்டியிருப்பான். யோவ் எஸல், உலகத்துல எல்லாருமே வாடகைக்காரன்னு நெனப்பா உனக்கு? போ, போய் உன் தகர நாற்காலியை ஏத்து."

வாழ்நாள் முழுக்க இருக்கை தைத்த பெண்பிள்ளை, ஒரு இருக்கையின் அடியைக் குனிந்து பார்க்கவில்லை. முழங்கால் வலி என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த இலையுதிர் காலத்தில் பள்ளி திறந்தபோது, சின்ன வகுப்புகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் டீச்சர் இல்லை. கம்பெனி அவரை நிறுத்திவிட்டது. செலவைக் குறைக்கிறார்களாம். ஆர்னெட்டா குழுவைக் கூட்டினாள். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பதால் நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"அரசாங்கம் குடுக்கிற பணம் எங்க போவுது?" என்றாள்.

"ஒப்பந்தப்படி எங்களுக்கு வருது. நாங்க பள்ளியை நடத்தறோம்," என்றார் ஹால்வர்சன்.

"அதான் தெரியுமே. வந்த பிறகு எங்க போவுது?"

"அது கம்பெனியோட உள்விவகாரம், மிஸஸ் கேல்ஸ். ஒரு ஓட்டல்ல சாப்பிடறீங்க, பணம் குடுக்கறீங்க. சமையல்காரனுக்கு என்ன சம்பளம்னு கேப்பீங்களா?"

"தட்டுல கறி இல்லன்னா சமையல்கட்டுக்குள்ளயே வந்து கேப்பேன் தம்பி!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹால்வர்சனும் சிரித்தார். ஆர்னெட்டா மட்டும் சிரிக்கவில்லை. கம்பெனியை நீக்குவதாகத் தீர்மானம் சொன்னாள். குழுவிலிருந்த ஐந்து பேரும் கை தூக்கினார்கள். டமிக்கா இரண்டு கையையும் தூக்கினாள். ஹால்வர்சன் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கிவிட்டுப் போனார். வேலையை இழந்தவன் அப்படிக் கைகுலுக்க மாட்டான்.

அடுத்த சனிக்கிழமை காலை லாரிகள் வந்தன. ஆர்னெட்டா வீட்டு உடுப்போடு நொண்டிக்கொண்டே ஓடிவந்து லாரிக்கு முன்னால் நின்றாள். நானும் போய்ச் சேர்ந்தேன். லாரி டிரைவரை எனக்குத் தெரியும். என்னிடம் வேலை பழகிவிட்டுப் போனவன்.

"மிஸ் ஆர்னெட்டா, என்மேல கோவப்படாதீங்க. நான் சாமான் ஏத்துறவன். மேஜை அவங்களுது, நாற்காலி அவங்களுது. புஸ்தகம், கம்ப்யூட்டர், சமையல் பாத்திரம் கூட அவங்களுதாம். போலீஸையும் கூட்டிட்டு வந்திருக்காங்க, பாருங்க."

"அரசாங்கம் எங்க பிள்ளைங்களுக்குக் குடுத்த பணத்துலதானேடா வாங்குனது!"

"அந்தப் பணத்துல வாங்குனாலும் அவங்களுதுதானாம். நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்காம்."

கட்டடமும் கம்பெனியுடையது. சாவியைத் திங்கட்கிழமைக்குள் கேட்டார்கள். டீச்சர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் கம்பெனி, ஆகவே டீச்சர்களும் அவர்கள் ஆட்கள். பிள்ளைகள் ஓட்டுப் போட்டு வைத்த பெயரையும் கம்பெனி தன் பெயரில் பதிவு செய்து வைத்திருந்தது. அந்தப் பெயரைக்கூட வெளியே எடுத்துப்போக முடியாது. ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பலாம் என்று அந்த மனிதர் சொன்னது அத்தனையும் நிஜம். அவர் போகும்போது பள்ளிக்கூடமும் கூடவே போகும் என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

ஆர்னெட்டா கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "மேஜைக்குள்ள பிள்ளைங்க சாமான் இருக்கு. அதையாவது எடுத்துக்கறோம்." எடுக்க விட்டார்கள். பென்சில், பாதி தின்ற மிட்டாய், உடைந்த மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் தாய்மார்கள் மளிகைப் பைகளில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் அவள் என் கிடங்குக்கு வந்தாள். வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"எஸல், நாற்காலி வேணும்."

"எவ்வளவு வேணுமோ எடு. வாடகைப் பேச்சு பேசுன, வெளிய தள்ளிடுவேன்."

சர்ச்சின் கீழ்த்தளத்தில் பள்ளி நடந்தது. சம்பளம் வருகிறபோது வரட்டும் என்று இரண்டு டீச்சர்கள் கம்பெனியை உதறிவிட்டு வந்தார்கள். மேஜை கிடையாது. பிள்ளைகள் தரையில் மண்டியிட்டு, என் நாற்காலியை மேஜையாக வைத்து எழுதினார்கள். ஒரு குட்டிப் பெண் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது: "மிஸ்டர் எஸல், எங்க மாமா சவப்பெட்டில இருந்தப்போ நான் இதுலதானே உக்காந்தேன்?"

"ஆமா கண்ணு. நல்ல நாற்காலி. எங்கேயும் கால் ஆடாது," என்றேன்.

அக்டோபரில் அரசாங்கம் தலை எண்ணும் நாள் வந்தது. அன்றைக்கு வகுப்பில் எத்தனை தலையோ அத்தனைக்குத்தான் வருஷப் பணம். ஊரிலுள்ள பள்ளிகளெல்லாம் அன்று பீட்சா வாங்கிக்கொடுத்து, சைக்கிளைப் பரிசாக வைத்துப் பிள்ளைகளை இழுக்கும். ஆர்னெட்டாவிடம் சைக்கிள் இல்லை. விடிகாலையிலேயே வீடு வீடாகப் போய்க் கதவை இடித்தாள். சளி பிடித்த பிள்ளையைக்கூடப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்தாள். டமிக்கா ராத்திரி வேலையிலிருந்து நேராக மூன்று பேரையும் கூட்டிவந்தாள். பீட்சா என் செலவு. கீழ்த்தளம் நிறைந்து படிக்கட்டிலும் பிள்ளைகள். ஆர்னெட்டா என் தோளில் ஒரு அடி கொடுத்து, "பாத்தியா பெரிய மனுஷா? இந்தத் தலைங்களுக்கு அடியில எவன் தகடும் இல்ல!" என்றாள். அவள் அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

பணம் வந்தது. ஆனால் கட்டட வாடகைப் பாக்கி, ஒப்பந்தம் முறித்த நஷ்டம் என்று கம்பெனி கோர்ட்டுக்குப் போனதால் பேங்க்கிலேயே முடங்கி, பிறகு கம்பெனிக்கே போயிற்று. சர்ச்சின் கீழ்த்தளம் பள்ளிக்கட்டடம் ஆகாது என்று பல்கலைக்கழகம் அனுமதியை ரத்து செய்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு யாரும் வரவில்லை. பிள்ளைகள் மறுபடி இரண்டு பஸ் மாறிப் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். பனியில் பஸ்ஸுக்கு நிற்கும் அந்த வரிசையை ஆர்னெட்டா வாசலில் நின்று பார்ப்பாள். கத்தமாட்டாள்.

அடுத்த ஆகஸ்டில் என் கடைக்கு ஒரு போன். அதே கட்டடத்தில் புதுப் பள்ளி, புதுப் பெயர், விழாவுக்கு நாற்காலி வேண்டும். கம்பெனி அதே கம்பெனிதான். எனக்கு ரத்தம் கொதித்தது. நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடலாமென்று வாயைத் திறந்தேன். ஆர்னெட்டா எதிரே உட்கார்ந்திருந்தாள். போனைக் கையால் பொத்தினாள்.

"அனுப்பு."

"உனக்குப் பைத்தியமா?"

"நீ அனுப்பலன்னா தாய்மாருங்கதான் வெயில்ல நிப்பாங்க. அவன் நிக்கமாட்டான்."

முழு வாடகையையும் முன்பணமாகவே வாங்கினேன். அவளும் லாரியில் என்னோடு ஏறிக்கொண்டாள்.

மேடையில் இப்போது வேறொரு இளைஞன். "பள்ளிக்கூடம் உங்களுது," என்றான். கைதட்டினார்கள். புதுக் குழுத் தலைவி என்று டமிக்காவை எழுந்து நிற்கச் சொன்னான். டமிக்கா எங்கள் பக்கம் பார்க்காமல் எழுந்து, பார்க்காமல் உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்ததும் ஆர்னெட்டா கைத்தடியை ஊன்றி அவளிடம் போனாள். காலியாக இருந்த ஒரு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"இத படி கண்ணு."

"எஸல்னு இருக்கு, மிஸ் ஆர்னெட்டா."

"இது சாயங்காலம் எஸலோட வீட்டுக்குப் போயிடும். இப்ப உள்ள போய் உன் பிள்ளைங்க மேஜையைக் கவிழ்த்துப் பாரு. அப்புறமா கையெழுத்துப் போடு."

டமிக்கா நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்துட்டேன் மிஸ் ஆர்னெட்டா. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். அதே தகடுதான். போன தடவ என் சின்னவன் மேஜையில கிறுக்குன கிறுக்கல் கூட அப்படியே இருக்கு. ஜனவரில அவன் பஸ்ஸ விட்டுட்டுப் பாலத்துல தனியா நின்னான். நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?"

ஆர்னெட்டா அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தட்டிவிட்டு நடந்தாள்.

சாயங்காலம் என் நாற்காலிகளை மடக்கி ஏற்றினோம். ஒன்றுகூடக் குறையவில்லை. என்னுடையது என்றைக்கும் குறைந்ததில்லை. லாரி பள்ளி வாசலைத் தாண்டும்போது அவள் கேட்டாள்:

"யோவ் எஸல், வாடகை முழுசா வாங்கிட்டியா?"

"முன்னாடியே வாங்கிட்டேன். என்னை யாருன்னு நெனச்ச?"

"எந்தப் பணத்துல குடுத்திருப்பான்?"

நான் கியர் மாற்றினேன்.

"நம்ம பிள்ளைங்க பணத்துலதான்," என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.