ஆறு குழி, ஐந்து வெளிச்சம்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. அவளுடைய தம்பி. குவாரியில் என்னோடு பதினாறு வருடம் வேலை செய்த கூட்டாளி. வேறு யாரும் இல்லை.

நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மூக்கில் குழாய். குழாயின் மறுமுனை ஆக்சிஜன் மிஷினில். அறையில் இருக்கிற காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனை மட்டும் பிரித்துத் தருகிற மிஷின் அது. கரண்ட் இருக்கும்வரை தரும். மனைவி தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மச்சான் கம்ப்யூட்டர் முன்னால். கூட்டாளி சுவரில் சாய்ந்திருந்தான். அவன் ஞாயிறு தவறாமல் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவான். அவனுக்கும் இருமல் ஆரம்பித்திருந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

மச்சான்தான் சொன்னான்.

"மாமா, இந்த வாட்டி உறுதியா சொல்லிட்டாங்க. வர்ற வியாழக்கிழம. நம்ம நேரத்துக்குக் காலைல எட்டு மணி."

இரண்டு வருடமாக நான் காத்திருந்த ஆட்டம். கம்ப்யூட்டரில் ஆடுவது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எனக்கு நாற்பத்தாறு வயது.

இந்த ஆசை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். குவாரியில் எனக்குத் துளை போட்டு வெடி வைக்கிற வேலை. துளை போடும்போது வருகிற தூள் அரிசி மாவு மாதிரி இருக்கும். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வோம். துண்டு வெள்ளையாகிவிடும். உள்ளே போனது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும். பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டி, "பனி பெஞ்ச மாதிரி இருக்கு பாருங்க" என்றார். பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. இது கூடும், குறையாது என்றார்.

வேலை நின்றது. சும்மா படுத்திருக்க என்னால் முடியவில்லை. மச்சான் வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பழைய பாகங்களைச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் பூட்டிக் கொண்டுவந்தான். கார் ஓட்டுகிற ஆட்டம் போட்டுக் காட்டினான். பிடிக்கவில்லை. சுடுகிற ஆட்டம். அதுவும் பிடிக்கவில்லை. மண்ணைத் தோண்டுகிற ஆட்டம் ஒன்று போட்டான். அன்று சாப்பாடு ஆறிப்போனது.

அப்புறம் இந்த ஆட்டத்தின் முன்னோட்டம் வந்தது. இரண்டு நிமிடம். விண்வெளி. ஓர் ஆள், ஒரு சின்னக் கப்பல். சுற்றிலும் பாறைகள் மிதக்கின்றன. பாறையில் துளை போட்டு, வெடி வைத்து, உள்ளே இருக்கிற இரும்பையும் செம்பையும் எடுத்துக் கப்பலைப் பெரிதாகக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டக் கட்ட இன்னும் தூரம் போகலாம்.

முன்னோட்டத்தில் ஓர் இடம் வரும். பாறை உடைந்து தூள் கிளம்பும். அந்தத் தூள் கீழே விழாது, மேலேயும் போகாது. அந்த ஆளின் தலைக் கண்ணாடியைச் சுற்றி அப்படியே நிற்கும். அவனும் அதற்குள்ளேயே நிற்பான். அந்த இடம் வரும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பிறகு திரும்பவும் போட்டுப் பார்ப்பேன்.

எனக்கு வேண்டியது இதுதான். இன்னொரு முறை துளை போட வேண்டும். தூள் என் மேல் படாமல்.

இதற்கு முன்பு இரண்டு முறை தேதி சொன்னார்கள். இரண்டு முறையும் தள்ளிப் போட்டார்கள். முதல் முறை தள்ளிப் போட்டபோது என்னால் தெருமுனை வரை நடக்க முடிந்தது. இரண்டாம் முறை, பாத்ரூம் வரை.

கூட்டாளி என்னைப் பார்த்தான். "இன்னாபா, குவாரிய உட்டு வந்தும் உனுக்குப் புத்தி வரலியா? வானத்துக்குப் போயும் கல்லுதான் ஒடைப்பேன்றியா?"

"அங்க மேஸ்திரி இல்ல" என்றேன்.

"மேஸ்திரி இல்லாத குவாரியா? அப்போ நானும் வர்றேன். ஒரு சீட்டு போட்டு வை."

மச்சான் சிரித்தான். "ஒண்ணு மாமா. ஆட்டத்த அவுங்க இன்னும் முழுசா முடிக்கல. பாதிலயே வெளிய உடறாங்க. நாம ஆடிப் பாத்து எங்கெங்க கோளாறுன்னு சொல்லணும். அத வெச்சு சரி பண்ணுவாங்க."

"பூச்சு பூசாத வூட்ல பால் காய்ச்சற மாரி" என்றான் கூட்டாளி.

"அதேதான்ணா. முழுசா வர்றதுக்கு ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஆவும்."

மனைவி பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அப்போ முழுசா வந்தப்புறம் ஆடிக்கலாமே. இன்னா அவசரம்?"

மச்சான் திரையைப் பார்த்தான். கூட்டாளி தரையைப் பார்த்தான். மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவளுக்கே புரிந்தது. பூண்டை முறத்தோடு எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் மச்சானின் போனில் அந்தச் செய்தி வந்தது. படித்தான். திரும்பவும் படித்தான்.

"அக்கா, இங்க வா. வியாழக்கிழம கரண்டு கெடையாதாம். மாசாந்திர ஷட்டவுன். காலைல ஒம்போதுலருந்து சாயந்திரம் அஞ்சு வரைக்கும்."

ஷட்டவுன் எங்களுக்குப் புதிதில்லை. அதற்காகத்தான் இன்வெர்ட்டர், இரண்டு பேட்டரி. மச்சான் கணக்குப் போட்டுப் பூட்டியது. மிஷின் மட்டும் ஓடினால் எட்டு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் ஒரு ஃபேன்கூடத் தாங்காது. கம்ப்யூட்டரையும் சேர்த்தால் பாதிதான்.

மனைவி அடுப்படியிலிருந்து வந்து என் எதிரில் நின்றாள். "வியாழக்கிழம ஆட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம். வெள்ளிக்கிழம ஆடுங்க. ரெண்டு வருஷம் இருந்தீங்க, ஒரு நாள் இருக்க மாட்டீங்களா?"

"இருப்பேன்."

"மலையப் பாத்துச் சொல்லுங்க."

கட்டில் பக்கத்து ஜன்னலில் மலையின் உச்சி தெரியும். எங்கள் ஊரில் மலையைப் பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. திரும்பிப் பார்த்தேன். "கரண்டு இல்லாதப்போ கம்ப்யூட்டரத் தொட மாட்டேன்."

கூட்டாளிக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. "ஏம்மா தங்கச்சி, மலைய ஒடைச்சே சோறு துன்னவன்கிட்ட மலையப் பாத்து சத்தியம் வாங்கறியே!"

அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். கூட்டாளியின் சிரிப்பு மட்டும் இருமலாக மாறியது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு மூன்று பேரும் அது நிற்பதற்காகக் காத்திருந்தோம். நெடுநேரம் ஆனது.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு மனைவி வேலைக்குக் கிளம்பினாள். கோயில் பக்கம் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்கிற வேலை. தண்ணீர், போன், சாப்பாட்டு டப்பா எல்லாம் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள். "ஒம்போதுக்கு முன்ன ஆஃப் பண்ணிடணும்" என்றாள். சரி என்றேன். பொய் சொல்கிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

எட்டு மணிக்கு ஆட்டம் தானாக இறங்க ஆரம்பித்தது. மச்சான் முந்தின நாளே அப்படிச் செய்துவைத்திருந்தான். எட்டே முக்காலுக்கு முழுதாக இறங்கியது. திறந்தேன். முதல் பக்கத்தை மட்டும் பார்க்கலாம் என்றுதான்.

கறுப்பு. அதில் என் கப்பல். அவ்வளவு சின்னது.

ஒன்பது மணிக்கு ஃபேன் நின்றது. இன்வெர்ட்டர் ஏற்றுக்கொண்டது. மிஷின் ஓடியது. கம்ப்யூட்டரும் ஓடியது. இரண்டும் ஒரே பெட்டியில்தான் சொருகியிருந்தன. கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் விட்டிருப்பேன். இப்போதும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அரை மணி நேரம் ஆடிவிட்டு அணைத்துவிடலாம் என்று நினைத்தேன். திரையில் வெயில் அடித்தது. ஜன்னலைச் சாத்தினேன்.

ஒரு பாறையைத் தேடிப் பிடிக்கவே பத்து மணி ஆகிவிட்டது. நல்ல பாறை. துளைக்கிற கருவியை வைத்ததும் கை தானாகச் சாய்வு பிடித்தது. எங்கே கல்லின் வரி ஓடுகிறது, எங்கே பிளக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஆறு குழி போட்டேன். தூள் கிளம்பிக் கண்ணாடியைச் சுற்றி நின்றது. நான் அதற்குள் உட்கார்ந்து சாவகாசமாக மூச்சு விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆறு குழிக்கும் வெடி வைத்தேன். கப்பலுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டேன்.

குவாரியில் ஒரு முறை உண்டு. எத்தனை குழிக்கு மருந்து போட்டோமோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். வெடி வைத்தவன் விரல் மடக்கி எண்ணுவான். ஒன்று குறைந்தாலும் யாரும் உள்ளே போகக் கூடாது. அரை மணி நேரம் உட்கார வேண்டும். வெடிக்காத குழி தூங்குகிறது என்போம். ஒரு முறை ஓர் ஆள் பத்தே நிமிடத்தில் எழுந்து போனான். அவனைச் சாக்கில் எடுத்து வந்தோம்.

விண்வெளியில் சத்தம் கிடையாது. வெளிச்சம் மட்டும்தான். எண்ணினேன். ஐந்து.

கையை எடுத்துவிட்டேன். ஆட்டம்தான் என்று தெரியும். ஆனாலும் கை போகவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். பிறகு போய்ப் பார்த்தால் ஆறாவது குழியும் உடைந்துதான் இருந்தது. தாமதமாக வெடித்திருக்கும் என்று நினைத்தேன். குவாரியிலும் அப்படி நடக்கும்.

இரண்டாவது பாறை. ஆறு குழி, ஐந்து வெளிச்சம். அரை மணி.

மூன்றாவது பாறை. அதுவே.

பாதியில் விட்ட ஆட்டம். ஆறாவது வெடிக்கு வெளிச்சம் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். இதை மச்சான் பிறகு சொன்னான். அன்று எனக்கு அது தோன்றவே இல்லை. குழி தூங்கினால் உட்கார வேண்டும். பதினாறு வருடம் உயிரோடு இருந்தது அப்படித்தான்.

மூன்றாவது முறை உட்கார்ந்திருந்தபோது பீப் சத்தம் கேட்டது. ஆட்டத்தில் அந்த ஆளின் உடையிலும் ஆக்சிஜன் உண்டு. அது கம்மியானால் இப்படிக் கத்தும். முன்பே இரண்டு முறை கத்தியிருந்தது. கப்பலுக்குப் போய் நிரப்பிக்கொண்டேன். பீப் நிற்கவில்லை. வெளியே வந்து திரும்பவும் உள்ளே போய் நிரப்பினேன். நிற்கவில்லை. இதுவும் ஒரு கோளாறு, மச்சானிடம் சொல்ல வேண்டும் என்று பக்கத்திலிருந்த தாளை எடுத்து எழுதினேன். "நிரப்பினாலும் பீப் நிற்கவில்லை."

எழுதி முடித்துத் திரும்பினால் திரை இருட்டாக இருந்தது.

மிஷின் சத்தமும் இல்லை. பீப்பும் இல்லை. அடுத்த தெருவில் யாரோ குடம் வைக்கிற ஓசை கேட்டது. அவ்வளவு தூரத்து ஓசை அந்த அறையில் அதுவரை கேட்டதில்லை. அந்த பீப் இன்வெர்ட்டருடையது.

மணி ஒன்றரை. கரண்ட் ஐந்து மணிக்கு.

கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன சிலிண்டர் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வழியில் வைத்துக்கொள்வது. குனிந்தேன். குனிந்தவனுக்கு நிமிர மூச்சு இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழாயைக் கழற்றி அதில் மாட்டி, சாவியைத் திருப்பினேன். அளவு காட்டுகிற முள் சிவப்புக் கோட்டை ஒட்டி நின்றது. போன வாரம் ஆஸ்பத்திரி போய் வந்ததில் தீர்ந்திருக்கிறது. கால் மணி வந்தால் அதிகம்.

போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டேன்.

"மிஷின் நின்னுடுச்சு."

அந்தப் பக்கம் வாளி வைக்கிற சத்தம். "கம்ப்யூட்டர்ல ஒக்காந்தீங்களா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சரி. பேசாதீங்க. எழுந்திருக்காதீங்க. சும்மா உக்காந்திருங்க. தம்பிய சிலிண்டர் எடுத்தாரச் சொல்றேன்."

உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்த வேலைதான். முள் சிவப்புக்குள் போனது. பிறகு முள் இருக்கிற இடம் தெரியவில்லை. விரல் நகம் நீலமாக இருந்தது. நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. செருப்போடு உள்ளே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. இருட்டான திரையைப் பார்த்தாள். தாளில் எழுதியிருந்ததைப் பார்த்தாள். "தம்பி வந்துட்டே இருக்கான்" என்று மட்டும் சொன்னாள். எனக்குப் பின்னால் உட்கார்ந்து தன் மேல் என்னைச் சாய்த்துக்கொண்டாள். கையில் ஃபினாயில் வாசனை.

ஓர் உள்ளங்கையை என் வயிற்றில் வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று பார்க்க நர்ஸ் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நல்ல நாளில் எனக்கு இருபத்திரண்டு இருக்கும். முப்பதைத் தாண்டினால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

கடிகாரத்தின் சிவப்பு வினாடி முள் ஒரு சுற்று சுற்றி வரும்வரை அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நானும் கூடவே எண்ணினேன். இரண்டு பேருக்கும் ஒரே கணக்குதான் வந்தது.

நாற்பத்தேழு.