கடல்கன்னி பிச்சம்மாள்

பிச்சம்மாளுக்குக் கடலைக் கண்டாலே ஆகாது. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில், நாலு புறமும் வயல் சூழ்ந்த ஊரில், சைவக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமான புதிதில் புருஷன் கூட்டிப்போய்க் கடலைக் காட்டினான். பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணி கெடந்து என்ன பிரயோசனம்? ஒரு பாத்திக்குப் பாய்ச்ச முடியுமா?" என்று கேட்டாள். அப்பேர்ப்பட்டவள் மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில், ஊரெல்லாம் பார்க்கக் கடல்கன்னியாகக் கிடந்தாள் என்றால், அதற்குத் தலையெழுத்தைக் குறை சொல்லக்கூடாது. புருஷனைத்தான் சொல்ல வேண்டும்.

அவள் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு வருஷம் மேலூர்க்காரன் ஒருவன் கால்வாய் மடையை அடைத்துத் தண்ணீரையெல்லாம் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டான். ஊர் ஆண்கள் கூடி, யாரிடம் முறையிடலாம் என்று வெற்றிலை போட்டபடி யோசித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகாத பிச்சம்மாள் மடையின் மேல் ஏறி நின்று பேச ஆரம்பித்தாள். அடைத்தவனின் தாத்தா செய்த களவு வரைக்கும் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மத்தியானத்துக்குள் அவனே மண்வெட்டியோடு வந்து மடையைத் திறந்துவிட்டான். வயலுக்குத் தண்ணீர் வந்ததில் அண்ணன் கணபதியப்பனுக்குச் சந்தோஷம்தான். ஆனால் தங்கை நாலு பேர் முன்னால் நின்று வாயாடினாளே என்று ஒரு மாசம் அவளோடு பேசவில்லை. மானம் மரியாதைக்காக உயிரை விடுகிற மனிதர் அவர்.

அவள் புருஷன் தாணுமாலயனுக்கு வயல் வேலை வராது. வாலிபத்தில் கொழும்புக்குப் போய், துறைமுகத்தை ஒட்டிய காப்பிக்கடையில் வேலை பார்த்தவன். பல தேசத்துக் கப்பல்காரர்களும் அங்கே வருவார்கள். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் துணிமணியும் தகரப்பெட்டியும் கொண்டுவந்தார்கள். இவன் கதைகளைக் கொண்டுவந்தான். ஸ்காட்லாந்துப் பக்கம் கடல்நாய்கள் கரையேறி, தோலைக் கழற்றிவிட்டு அழகான பெண்களாகுமாம். தோலை ஒருவன் ஒளித்துவைத்துவிட்டால் அவனுக்கே பெண்டாட்டியாக இருக்குமாம். என்றைக்காவது தோல் கையில் கிடைத்தால் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடலுக்கே ஓடிவிடுமாம். ஜப்பானில் கடல்கன்னியின் மாமிசத்தைத் தின்ற ஒருத்தி, சாவே வராமல், கட்டிய புருஷர்கள் எல்லாரையும் பறிகொடுத்துவிட்டு நூற்றாண்டுக் கணக்கில் அலைந்தாளாம். ஆப்பிரிக்காக் கரையில் கண்ணாடியும் சீப்புமாக ஒரு தண்ணீர்த் தேவதை. அவளைக் கண்டவனுக்குச் செல்வம் கொட்டும், சொன்ன சொல் தவறினால் அவ்வளவும் போய்விடுமாம். மாலுமிகளைப் பாட்டுப் பாடி அழைத்து முக்குகிறவள் ஒவ்வொரு கடலிலும் உண்டாம்.

பிச்சம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பாள். கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னாள்:

"நான் ஒண்ணு சொல்லுகேன், கேளுங்க. எல்லா ஊர்லயும் ஆம்பளைக கடலுக்குப் போறாவ. திரும்பி வரல்லேன்னா, பழிய ஒரு பொம்பள தலைல போட்டுருதாவ. காத்தும் அலையும் ஒண்ணுமே செய்யல்ல பாருங்க!"

ஆனால் அந்தக் கதைகளைக் கொண்டே பிழைத்துவிடலாம் என்று தாணுமாலயன் முடிவுகட்டிவிட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு, மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டில் கூடாரம் போட்டான். வாசலில் 'சமுத்திர ராணி, உயிருள்ள கடல்கன்னி' என்று தமிழிலும் மலையாளத்திலும் பலகை தொங்கியது.

வித்தை எளிதானதுதான். முன்னால் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி, அதில் தண்ணீரும் கொஞ்சம் பாசியும் நாலைந்து மீனும். தொட்டிக்குப் பின்னால் பலகையில் கன்னி சாய்ந்து படுத்திருப்பாள். பார்க்கிறவர்களுக்குத் தண்ணீருக்குள் கிடப்பது போலத் தோன்றும். வாலைப் பிச்சம்மாள்தான் தைத்துக் கொடுத்திருந்தாள். சாக்குத் துணிக்குள் பஞ்சு அடைத்து, மேலே ஜிகினாத் தாளைச் செதில் செதிலாக வெட்டி ஒட்டிய வால். முதலில் அதைப் போட்டுக்கொண்டவன் நாடகத்தில் ஸ்திரீபார்ட் ஆடிய செல்வதாஸ். முதல்நாள் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாம் நாள் வெயிலில் பவுடர் வழிய, "ஏலே, கன்னிக்கு மீச மொளைக்குதுலே!" என்று ஒருவன் கத்தினான். கூடாரமே சிரித்தது. செல்வதாஸ் மறுநாள் முதல் பஸ்ஸில் ஊரைப் பார்க்கப் போய்விட்டான்.

தாணுமாலயன் பெண்டாட்டி முன்னால் வந்து நின்ற நிலையே விஷயத்தைச் சொல்லிவிட்டது.

"அண்ணன் அறிஞ்சா பெறந்த வீட்டுப் படி ஏத்துவாரா?" என்றாள் அவள்.

"மூஞ்சில நீலம் பூசினா உன்ன எனக்கே தெரியாது. ஒண்ணே ஒண்ணு, வாயத் தெறக்கப்பிடாது. சமுத்திரத்துல பெறந்தவ நாஞ்சில்நாட்டுப் பேச்சுப் பேசினா எவன் நம்புவான்?"

வால்தான் பெரிய கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். வாயை அடக்குவதுதான் உயிரை எடுத்தது. பொரியை அவள் மேல் எறிந்த சிறுசுகளை ஒரு வார்த்தை வைய முடியவில்லை. "இது கல்யாணம் ஆன கன்னியா, ஆகாத கன்னியா?" என்று கேட்ட கிழவருக்குத் தகுந்த பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. கடைசிக் காட்சி முடிந்ததும் அன்றைக்கு விழுங்கியதையெல்லாம் புருஷன் தலையில் மொத்தமாகக் கொட்டிவிடுவாள். அவனும் பாவம், வாங்கிக்கொள்வான்.

கூட்டம் சேரச் சேர தாணுமாலயனுக்கு உற்சாகம் மிஞ்சிவிட்டது. வாசலில் நின்று கூவும்போது சொந்தமாக ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டான்: "ஆழ்கடலில் போன ஆண்பிள்ளைகளைத் தன் அரண்மனையில் வைத்து ஆளுகிற ராணி இவள்!" அந்த வரியைக் கேட்டுத்தான் ஞானசெல்வி உள்ளே வந்தாள்.

இனயம் என்ற மீனவர் ஊர்க்காரி, இளம்பெண். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. கூட்டம் வெளியேறுகிறவரை காத்திருந்து, தொட்டியோடு ஒட்டி நின்று மெதுவாகக் கேட்டாள்.

"கன்னியம்மா, எனக்க மாப்பிள உனக்க கிட்டயா இருக்காரு? ராஜமணின்னு பேரு. ஆடியில போனவரு."

பிச்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாளும் அவள் வந்தாள். மடித்த சட்டை ஒன்றைத் தொட்டியின் விளிம்பில் வைத்து, "அங்ஙன குளிரும். இத அவருக்குக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். விசாரித்ததில் விஷயம் தெரியவந்தது. ராஜமணி போன வள்ளம் உடைந்து கரை ஒதுங்கியிருந்தது. அவன் உடல் ஒதுங்கவில்லை. உடலைக் காணாமல் என் மகன் செத்தான் என்று ஒருத்தரும் வாயால் சொல்லக்கூடாது என்று அவன் தாய் ஊரையே சத்தியத்தால் கட்டிப்போட்டிருந்தாள். அதனால் அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒருநாள்கூட அழவில்லையாம்.

"அந்த வரிய இனிச் சொல்லாதீங்க" என்றாள் பிச்சம்மாள்.

"சொல்லல்ல. ஆனா நீ ஒண்ணு செய்யலாமே. அடுத்தால வந்தா, ஆமான்னு தலைய ஆட்டு. பாவம், நிம்மதியாப் போவா."

"போவ மாட்டா. இருக்காருன்னு நான் தலைய ஆட்டினா, ஆயுசு பூரா கரையில நின்னு கடலப் பாத்துக்கிட்டே இருப்பா. அது பாவமில்லியா?"

உண்மையைச் சொல்லிவிடவும் துணிச்சல் வரவில்லை. வாயைத் திறந்தால் கூடாரம் போச்சு, அண்ணன் வீடும் போச்சு. ஊரில் யாருக்கும் பயப்படாத பிச்சம்மாள் அன்று பயந்தாள். பயந்தாள் என்று சொல்வதில் அவளுக்குக் குறைவு ஒன்றுமில்லை.

கொடையின் கடைசி நாள். கூட்டம் நெரிந்தது. அதில் பூதப்பாண்டிப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். முன்வரிசையில் அண்ணனின் பக்கத்து வீட்டுக்காரர் அய்யம்பெருமாள், பெண்டாட்டியோடு நின்று கொண்டிருந்தார். பிச்சம்மாள் தலைமுடியை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் ஞானசெல்வி ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை.

"பிள்ளைய மாமிட்ட குடுத்தாச்சு" என்றாள். குரலில் கோபமோ அழுகையோ இல்லை. "நீ அவர விடமாட்ட. செரி. நான் அங்ஙன வாறேன். இன்னா, இப்பமே வாறேன். ரெண்டு பேரையும் சேத்து வச்சுக்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். கூடாரத்துக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் கடல்.

"ஏட்டி! நில்லுட்டி அங்ஙன!"

மடை மேல் நின்று பேசிய அதே தொண்டை. கூடாரத்துக்கு வெளியே பொரி விற்றவன்கூட நின்றுவிட்டான். பிச்சம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள், கால் வாலுக்குள் தைக்கப்பட்டிருந்தது. இடுப்புத் தையலுக்குள் விரலை விட்டு, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சாக்கு கிழிந்து பஞ்சு பறந்தது. உள்பாவாடையோடு, ஜிகினா ஒட்டிய காலோடு தொட்டியைச் சுற்றி ஓடிவந்து ஞானசெல்வியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"பாரு. காலு. சேத்துல நின்னு வெடிச்ச காலு, பாத்தியா? நான் பூதப்பாண்டிப் பக்கத்துக்காரி. பேரு பிச்சம்மா. அன்னா நிக்காரே, அவரு எனக்க புருஷன். உனக்க மாப்பிளைய நான் கண்டதே இல்ல, மக்கா. எனக்கு நீஞ்சக்கூடத் தெரியாது."

எங்கோ ஒருவன் சிரித்தான், பிறகு அவனும் அடங்கிவிட்டான். ஞானசெல்வி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பளீரென்று ஓர் அறை விட்டாள். பிச்சம்மாள் கன்னத்தைத் தடவவும் இல்லை, பிடித்த கையை விடவும் இல்லை.

"அப்பம் அவரு எங்க?"

கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருக்கிற பிச்சம்மாள் இதற்கும் சொன்னாள்.

"செத்துப்போயிட்டாரு, மக்கா. கடலுக்குப் போனவரு, அங்ஙனயே செத்துப்போயிட்டாரு. யாரும் கூட்டிட்டுப் போகல்ல. யாருக்க அரண்மனையிலயும் இல்ல."

ஒரு முழு ஊருக்கு இல்லாத தைரியம் அந்த நீலம் பூசிய முகத்துக்கு இருந்தது. ஞானசெல்வி மணலில் உட்கார்ந்தாள். மாசக்கணக்காக உள்ளே கிடந்த அழுகை அவளிடமிருந்து வெளியே வந்தபோது, அதைக் கேட்டவர்கள் யாருக்கும் நிற்க முடியவில்லை. பிச்சம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு கூடவே உட்கார்ந்து, ராஜமணியின் பேரைச் சொல்லிச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். முகம் பார்த்திராத ஒருவனுக்குக் கூடப்பிறந்தவள் போல அழுதாள். கொடை பார்க்க வந்த பெண்கள் ஒவ்வொருவராக மணலில் உட்கார்ந்து சேர்ந்துகொண்டார்கள். அய்யம்பெருமாளின் பெண்டாட்டியும் உட்கார்ந்தாள். தாணுமாலயன் யாரும் சொல்லாமலே வாசல் பலகையைக் கழற்றி வைத்தான். அதற்கப்புறம் அவன் கடல்கன்னியைக் காட்டவே இல்லை. மிட்டாய்க்கடை வைத்தான், அது நன்றாகவே ஓடியது.

அய்யம்பெருமாள் சும்மா இருப்பாரா? செய்தி அன்றைக்கே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. கணபதியப்பன் தங்கை பேரையே வீட்டில் எடுக்கக்கூடாது என்றுவிட்டார். ஐம்பத்தாறு நவம்பரில், அதுவரை திருவிதாங்கூரில் இருந்த நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த அன்று, ஆனந்தத்தில் வீடு வீடாகக் கற்கண்டு கொடுத்துக்கொண்டு போனவர், ஞாபகம் இல்லாமல் அடுத்த தெருவிலிருந்த தங்கை வீட்டிலும் நுழைந்துவிட்டார். நுழைந்த பிறகு மானம் மரியாதை பார்த்து என்ன செய்ய? உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுத்தான் போனார். அதுவரை பிச்சம்மாள் பிறந்த வீட்டுப் பக்கம் போகவும் இல்லை, செய்ததற்கு ஒரு நாளும் வருந்தவும் இல்லை.

கூடாரம் கலைந்த அந்தச் சாயங்காலம் ஞானசெல்வியைத் தனியாக விடப் பிச்சம்மாளுக்கு மனமில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, குளச்சல் வரை பஸ்ஸிலும் அங்கிருந்து கடற்கரை மணலிலுமாக இனயம் வரை கூடவே போனாள். வழியெல்லாம் பிடித்த கையை விடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமியார், மருமகளின் வீங்கிய முகத்தைப் பார்த்தாள். கிழவிக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையை இறுக்கிக்கொண்டு, சத்தம் வராமல் குலுங்கி அழுதாள்.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டு மூடியபடி இருந்தது. ராஜமணிக்கு என்று தினமும் எடுத்து வைத்து, காலையில் காக்கைக்குப் போடுகிற சோறு.

ஞானசெல்வி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, எனக்குப் பசிக்குது" என்றாள்.

கிழவி எழுந்திருக்க முயன்றாள், முடியவில்லை. பிச்சம்மாள்தான் தட்டை எடுத்து மூடியைத் திறந்து ஞானசெல்வியின் முன்னால் வைத்தாள். பிறகு மீன்குழம்புச் சட்டியை எடுத்துத் மீனைத் தொட்டறியாத தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.