அவர் எடுத்த தட்டான்கள்

பொறாமை என்ற சொல்லை நான் எளிதில் எனக்குரியதாக ஏற்பவன் அல்லன். ஆயினும் அறுபதுகளின் பிற்பகுதியில், காரைக்குடிக் கல்லூரியொன்றில் விலங்கியல் கற்பித்துக்கொண்டிருந்தபோது, உடன் பணியாற்றிய விரிவுரையாளர் ஒருவரின் காமிராவைக் காணுந்தோறும் என் நெஞ்சில் மூண்டதற்கு வேறு பெயர் கிடையாது. அவருடைய மைத்துனர் பினாங்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது அது. தட்டானின் கண்ணைக்கூடத் தெளிவாகப் பிடித்துவிடும். என்னிடம் இருந்தது பெட்டிக் காமிரா. சில அடி விலகி நின்றால்தான் அதில் எதுவும் துலங்கும்.

அந்தக் கோடையில், மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வரவிருந்தார். விலங்கியல் கூடத்தின் முகப்பில் தட்டான் படம் ஒன்றை மாட்ட வேண்டும் என்றும், எங்கள் இருவரில் எவர் படம் சிறந்ததோ அதுவே இடம்பெறும் என்றும் துறைத்தலைவர் அறிவித்தார். தட்டான்களை இனம் பிரித்தறிவதில் அங்கு எனக்கு நிகரில்லை. முகப்பு எனக்கே உரியது என்று கருதினேன்.

கோட்டையூர்ப் பக்கம் ஒரு குடிநீர் ஊருணிக்குச் சென்றேன். அதில் எவரும் கால் நனைக்கக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு மேற்படியிலேயே நின்று, நீரோரப் புல்லில் நூல்போல் மெலிந்த ஊசித்தட்டான் வந்து அமரக் காத்திருந்தேன். குடத்துடன் வந்த பெண்ணொருத்தி நின்றாள்.

“ஏன் சார், தண்ணி எடுக்குற எங்களயா படம் புடிக்கிறீக?”

“இல்லையம்மா. தட்டானை.”

“அது பறந்து எந்நேரமாச்சு! வாத்தியாருதான் ஆடாம அசையாம நிக்கிறாக” என்றாள். உடன் வந்தவர்கள் குடம் குலுங்கச் சிரித்தார்கள். அவர்கள் போகும்வரை காமிராவின் முகத்தைத் தரைக்குத் திருப்பி வைத்துக்கொண்டேன். பிறகு ஊசித்தட்டான் திரும்பியது. ஒரேயொரு படம் எடுத்தேன்.

அதே நாட்களில் பினாங்குக் காமிராக்காரர் வற்றிய கண்மாயில், வேட்டியை மடித்துக் கட்டி, தொடைவரை சேற்றில் இறங்கி நின்றாராம். மாணவர் நடமாடும் ஊரில் ஒரு விரிவுரையாளர் அவ்வாறு நிற்பது முறையன்று என்பது என் கருத்து. இன்றும் அதுவே.

என் படச்சுருளைக் கழுவிய ஸ்டூடியோக்காரர் மலர்ந்த முகத்துடன் வரவேற்றார்.

“புல்லு மேல நீளமா ஒரு கீறல் விழுந்துருந்துச்சு சார். நெகட்டிவ்லயே பென்சில் போட்டு அழிச்சிட்டேன். இப்பப் பாருங்க, எம்புட்டுச் சுத்தமா இருக்கு!”

கல்யாணப் படங்களில் முகத்துத் தழும்பை நீக்கிப் பழகிய கை. என் ஊசித்தட்டானை அது மிச்சமின்றி நீக்கியிருந்தது. புல் மட்டும் நின்றது.

அந்த விரிவுரையாளர் இரண்டு படங்கள் கொண்டுவந்தார். ஒன்று சிவப்புத் தட்டான், மற்றது மஞ்சள் தட்டான் என்றார். கறுப்பு வெள்ளையில் ஒன்று கருமையாகவும் மற்றது வெளிறியும் தெரிந்தன. கீழே வெவ்வேறு இரண்டு லத்தீன் பெயர்கள். நான் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். சிறகு நரம்புகளின் பின்னலில் வேற்றுமையே இல்லை. இரண்டும் ஓரினம், சிவப்பு ஆண், மஞ்சள் பெண்.

நான் வாய் திறவாதிருந்தால் பேராசிரியர் முன் அவர் தலைகுனிந்திருப்பார். ஒரு பகல் முழுதும் அந்தக் காட்சியை மனத்தில் வைத்துச் சுவைத்தேன். ஆனால் துறையின் பெயரும், அதனுடன் என் பெயரும் கெடும். ஆகவே சொன்னேன்.

“அட, ஜோடியா!” என்று துள்ளினார் அவர். “அப்ப ரெண்டையும் ஒரே சட்டத்துல போட்டுருவோம் சார்!”

தனித்தனியே இருந்தபோது அவை வெறும் நல்ல படங்கள். சேர்த்து மாட்டியதும் கூடத்தில் வேறெதையும் எவரும் பார்க்கவில்லை. பேராசிரியர் நெடுநேரம் நின்று, “ஆணையும் பெண்ணையும் அருகருகே வைக்கத் தோன்றியதே, அதுதான் நயம்” என்றார்.

“இனம் கண்டு சொன்னது சார்தான்” என்று அவர் பெருந்தன்மையுடன் என்னைச் சுட்டினார். அந்தப் பெருந்தன்மையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

“அப்படியா, நல்லது” என்ற பேராசிரியர், அவர் பக்கமே திரும்பி, காமிரா எந்த ஊரில் வாங்கியது என்று விசாரிக்கத் தொடங்கினார்.

காப்பி ஆறுகிறது என்று நான் நினைவூட்டினேன்.