ஏட்டா, ஐடா?

ரஹ்மத் அக்கா இறந்த செய்தி வந்தபோது, அவர் பார்க்க வேண்டிய புரூஃப் என் மேசையில்தான் கிடந்தது. காலை பத்தரை மணி. விருதுநகரிலிருந்து அவருடைய தம்பி பேசினார். "அக்கா மவுத்தாயிட்டாகம்மா. நெஞ்சு வலிக்குதுன்னாக, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." போனை வைத்துவிட்டு அந்தப் புரூஃபையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ரசாயன மூட்டைகளில் ஒட்டும் லேபிள்களைச் சிவகாசியில் அச்சிடுகிறோம். நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன். வேதியியல் படித்த அக்கா பிழை பார்ப்பார். அவர் கையெழுத்து விழாமல் மெஷின் ஓடாது.

சேர்ந்த புதிதில் Ba(NO₃)₂ என்பதில் கடைசி இரண்டை நான் எடுத்துவிட்டேன். வால் மாதிரித் தொங்கியது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அக்கா கூப்பிட்டார். "ஏ செல்வி, பேரியத்துக்கு ரெண்டு கை. நைட்ரேட்டுக்கு ஒத்தக் கை. ரெண்டு நைட்ரேட்டு வந்தாத்தான் ரெண்டு கையும் நெறையும். ஒரு கையைச் சும்மா விட்டுட்டியே, பாவம்ல!" ஆபீசே சிரித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த தவறுக்கு யாரும் சிரிக்கவில்லை. பொட்டாசியம் குளோரேட் என்று அடிக்க வேண்டிய இடத்தில் குளோரைடு என்று அடித்திருந்தேன். அன்று அக்கா லீவு. முதலாளி அண்ணாச்சி அவசரத்தில் ஓட்டச் சொல்லிவிட்டார். மறுநாள் கட்டுகள் வேனில் ஏறும்போது அக்கா பார்த்துவிட்டார். மிச்சமிருந்த கட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"KClO₃-ன்னு சூத்திரம் சரியாத்தான இருக்கு? எந்திரிங்கம்மா, பார்ட்டி காத்திருக்காக!" அண்ணாச்சி கத்தினார்.

"சூத்திரத்தை நீங்க படிப்பீக அண்ணாச்சி. மூட்டை பிரிக்கிறவுக தமிழைத்தான படிப்பாக? குளோரைடு வயலுக்குப் போடுற உரம். குளோரேட்டு தீக்குச்சி மருந்துக்குப் போறது, உரசக் கூடாத சரக்கு. உரந்தானன்னு ஒருத்தி தரையில போட்டு இழுத்தா என்னாகும்?"

அப்போது என் அம்மா தீப்பெட்டி ஆபீசில் மருந்து கலக்கும் இடத்தில் வேலை பார்த்தாள். அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே எல்லாக் கட்டையும் இறக்கச் சொன்னார்.

அதன் பிறகு எந்த லேபிளை நீட்டினாலும் அக்கா கேட்பது ஒன்றுதான்: "ஏட்டா, ஐடா?" நான் விழித்தால் விளக்கமும் வரும். "குளோரின் ஒத்தையா வந்தா ஐடு. ஏட்டு தனியா வர மாட்டாரு, ஆக்சிஜனைக் கூட்டிக்கிட்டுத்தான் வருவாரு. நம்ம ஸ்டேஷன் ஏட்டய்யா என்னைக்குத் தனியா வந்திருக்காரு?"

செய்தி வந்த அன்று அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சீசன் நேரத்துக் குளோரேட்டு ஆர்டரும்மா, நிறுத்த முடியாது. நீயே கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு." போட்டேன். விருதுநகரில் அக்காவின் மய்யித்தைக் கிடத்தியிருந்த வீட்டில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகையே வரவில்லை. ஏட்டா, ஐடா? படித்துவிட்டுப் போட்டேனா, படிக்காமலே போட்டேனா? அக்காவின் முகத்தைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு படபடத்தது. எழுந்து தெருவுக்கு வந்து அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "மெஷினை நிறுத்துங்க. நான் வந்துர்றேன்."

பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. சிவகாசி வரை நின்றுகொண்டே வந்தேன். வந்ததும் மெஷினிலிருந்த லேபிளை எடுத்துப் படித்தேன்.

குளோரேட். சரியாகத்தான் இருந்தது.

"சரியாத்தானம்மா இருக்கு, இதுக்கா இம்புட்டு ஓட்டம்?" என்றார் அண்ணாச்சி. அப்போதுதான் அழுதேன்.

அக்காவை அறிந்த நீங்கள் அவருடைய சிரிப்பைச் சொல்வீர்கள், பெருநாள் பிரியாணியைச் சொல்வீர்கள். எனக்கு மிஞ்சியது இந்தப் படபடப்பு. இது அடங்கிவிடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். புரூஃபின் அடியில் அக்கா கையெழுத்துப் போடும் கோட்டை நான் அழிக்கவில்லை. அதற்குக் கீழே எனக்கென்று இன்னொரு கோடு போட்டிருக்கிறேன். மேல்கோடு காலியாகக் கிடப்பதைக் கண்டதும் பேனாவை மூடிவிட்டு, முதலிலிருந்து மறுபடி படிக்கிறேன், வாய்விட்டு.